எலுமிச்சையும் ஏழாண்டு வண்டியும்

கடந்த இரண்டு திங்களாக இப்பக்கத்தில் மொழியியல் குறித்து நான் எதுவும் எழுதவில்லை. ஆய்வேட்டின் நான்காம் இயலில் மூழ்கியிருப்பதாக நண்பர்கள் நல்லெண்ணத்துடன் கருதியிருக்கக்கூடும். ஆறரை இலட்சம் ரூபாய் என்னும் வரம்பை வைத்துக்கொண்டு, பழைய சிறு எஸ்.யு.வி. ஒன்றைத் தேடித் திருவனந்தபுரத்தின் மேடுபள்ளங்களில் அலைந்துகொண்டிருந்தேன் என்பதே உண்மை. ஒன்பது வண்டிகளைப் பார்த்தேன். அவற்றுள் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்து, அதில் பாதியை இழந்தேன். பத்தாவது வண்டியை வாங்கினேன். காரியவட்டம் வளாகத்திலும் வெளியிலும் உள்ள ஆய்வாளர்கள் சிலர் "எந்த மாடல் நம்பகமானது?" என்று உள்பெட்டியில் கேட்டவண்ணம் இருக்கின்றனர். அவ்வினாவிலேயே பிழை இருக்கிறது என்பது என் கருத்து. நம்பகம் என்பதை மாடலின் பண்பாகக் கொள்வதால்தான் படித்தவர்களாகிய நாமும் ஏமாறுகிறோம். சற்றே நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

முதலில் தேவையைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு மாணவருக்கு எஸ்.யு.வி. எதற்கு என்னும் புருவ உயர்த்தலைத் துறையின் தாழ்வாரத்திலேயே கண்டுவிட்டேன். என் ஆய்வு காணி மக்களின் பேச்சுமொழி பற்றியது. அம்மக்கள் அகத்தியமலையின் இருபுறமும் வாழ்கின்றனர்: கேரளத்தில் கோட்டூர், விதுரை பகுதிகளிலும், தமிழ்நாட்டில் பேச்சிப்பாறையை ஒட்டிய மலைச்சரிவுகளிலும். முதியவர்கள் பழங்கதை சொல்லத் தொடங்குவது பொழுது சாய்ந்த பிறகு. கடைசிப் பேருந்து புறப்படுவதோ அதற்கு முன்பு. மூன்றாண்டுகளாக நான் எடுத்த ஒலிப்பதிவுகளில் பல, "பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது" என்னும் என் குரலோடு முடிகின்றன. தரவின் தரத்தைப் பேருந்து அட்டவணை தீர்மானிக்கிறது என்று ஆய்வேட்டின் முன்னுரையில் எழுதவா முடியும்? இன்னொன்று, மார்த்தாண்டத்தில் இருக்கும் அப்பாவின் முழங்கால். மருத்துவத்துக்காக அவரை இந்நகருக்கு அழைத்து வருகையில், தாழ்ந்த இருக்கையில் அமர்வதும் அதிலிருந்து எழுவதும் அவருக்கு வேதனை. ஆகவே உயரம் வேண்டும், மலைச்சாலையில் அடிப்பகுதி உரசாமல் இருக்க வேண்டும், வழியில் நின்றுவிடக் கூடாது. முதுநிலை ஆய்வு உதவித்தொகை திங்களுக்கு 42,000 ரூபாய். அதிலிருந்து சேர்த்ததோடு அப்பாவின் ரப்பர் வருவாயில் ஒரு பகுதியும் சேர்ந்ததுதான் அந்த ஆறரை இலட்சம். ஒருமுறை தவறினால் மறுமுறை வாங்க வழியில்லை.

இனி, எஸ்.யு.வி. என்னும் சொல். பெயர்களை ஆராய்வது என் தொழில் என்பதால் இதை எளிதில் கடந்து செல்ல இயலவில்லை. 2022 டிசம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 48ஆவது கூட்டம், 22 விழுக்காடு கூடுதல் வரி விதிப்பதற்காக இச்சொல்லுக்கு ஒரு வரையறை தந்தது. வண்டி எஸ்.யு.வி. என்று மக்களால் பரவலாக அறியப்பட்டிருக்க வேண்டும். எஞ்சின் 1500 சி.சி.க்கு மேல் இருக்க வேண்டும். நீளம் 4000 மில்லிமீட்டரைக் கடக்க வேண்டும். தரையிலிருந்து இடைவெளி 170 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இந்நான்கும் ஒருங்கே பொருந்தினால்தான் அது எஸ்.யு.வி. முதல் நிபந்தனையைக் கவனியுங்கள்: மக்கள் எப்படி அழைக்கிறார்களோ அப்படி! சொற்பொருளியல் வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 2023 ஜூலையில் 50ஆவது கூட்டம் இதைத் திருத்தியது. பெயர் எதுவாயினும் அளவுகள் பொருந்தினால் போதும் என்றாயிற்று. நாமோ இன்றும் பழைய வரையறையிலேயே நிற்கிறோம்.

இந்த அளவுகோலின்படி, சந்தையில் சிறு எஸ்.யு.வி. என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை எஸ்.யு.வி.க்களே அல்ல. 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோலாயின் 1200 சி.சி., டீசலாயின் 1500 சி.சி. என்னும் எஞ்சின் வரம்பும் கொண்ட கார்களுக்கு வரிச்சலுகை தந்தது. அச்சலுகைக்காக நான்கு மீட்டருக்குள் அடக்கப்பட்ட உயரமான கார்களே இவை. விட்டாரா பிரெஸ்ஸாவின் நீளம் 3995 மில்லிமீட்டர், எக்கோஸ்போர்ட் 3999. எஞ்சின் விசை முன்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. கோட்டூருக்கு அப்பால் காட்டுக்குள் செல்ல நான் இன்றும் ஜீப்பைத்தான் நம்பியிருக்கிறேன். என் புதிய பழைய வண்டி அங்கே போகாது, போகவும் விடமாட்டேன். இவ்வண்டிகள் உண்மையில் தருவது தரை இடைவெளியும் இருக்கையின் உயரமும் மட்டுமே. பிரெஸ்ஸாவுக்கு 198 மில்லிமீட்டர் இடைவெளி. 2018இல் வந்த ஸ்விஃப்ட்டுக்கு 163. அந்தக் காலப் பதிப்புகளில் இரண்டிலும் ஒரே 1.3 லிட்டர் டீசல் எஞ்சின்தான். இந்த 35 மில்லிமீட்டர் உங்களுக்குத் தேவைப்படவில்லையெனில் அதே பணத்தில் மூன்றாண்டு இளைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், எஸ்.யு.வி. என்னும் சொல்லுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

மாடலுக்கு வருவோம். காரியவட்டத்தில் நம் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. அங்கே பணியாற்றும் எவரிடமும் "இந்நூல் நம்பகமானதா?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்தப் படி?" என்று திருப்பிக் கேட்பார். ஒரே நூலின் ஒரு படி முழுமையாக இருக்கும், இன்னொன்று செல்லரித்திருக்கும், மூன்றாவதில் ஏடுகள் முன்பின்னாகக் கோக்கப்பட்டிருக்கும். பழைய வண்டியும் அவ்வாறே. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் ஒரே நூலாக இருந்தவை, ஏழாண்டுக்குப் பின் வெவ்வேறு படிகளாகிவிடுகின்றன.

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போதே வேறாக இருப்பவையும் உண்டு. 2017இல் குளோபல் என்கேப் அமைப்பு ரெனோ டஸ்டரை மோதிச் சோதித்தது. காற்றுப்பை இல்லாத பதிப்புக்குப் பெரியோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. ஓட்டுநருக்குக் காற்றுப்பை உள்ள பதிப்புக்கு மூன்று கிடைத்தன. டாடா நெக்ஸான் 2018 ஆகஸ்டில் நான்கு நட்சத்திரம் பெற்றது. சில மாற்றங்களுக்குப் பின் அதே ஆண்டு டிசம்பரில் ஐந்து பெற்றது. ஆகவே 2018 நெக்ஸான் ஒன்றைக் காட்டி "ஐந்து நட்சத்திர வண்டி" என்று ஒருவர் சொன்னால், அது எந்த மாதத்தில் உருவானது என்று கேட்பதே முறை. பெயர் ஒன்று, சுட்டப்படும் பொருள் வேறு. தொடக்க நிலை மொழியியல் மாணவருக்கும் தெரிந்த இவ்வேறுபாட்டைச் சந்தையில் நாம் மறந்துவிடுகிறோம்.

விற்போரின் மொழி தனி ஆய்வுக்குரியது. சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, கல்ஃப்காரர் வண்டி, ஷோரூம் கண்டிஷன் என்னும் நான்கு தொடர்களும் இந்நகரில் நான் பார்த்த விளம்பரங்களில் மாறிமாறி வந்தன. பால் கிரைஸ் உரையாடல் விதிகளை விளக்குகையில் ஒரு பரிந்துரைக் கடிதத்தை எடுத்துக்காட்டாகத் தருவார். மெய்யியல் பணிக்கு விண்ணப்பித்த மாணவரைப் பற்றி, ஆங்கிலம் நன்கு அறிந்தவர், வகுப்புக்கு ஒழுங்காக வருவார் என்று மட்டும் ஆசிரியர் எழுதுகிறார். எழுதப்படாததே அங்கே செய்தி. எஞ்சினைப் பற்றி நான் கேட்டபோது "ஏ.சி. சூப்பர் சார், டயர் நான்கும் புதிது" என்று ஒருவர் விடையளித்தார். அப்பொழுதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

சிங்கிள் ஓனர் என்பதையும் நம்ப வேண்டியதில்லை. ஆர்.சி.யில் ஒரே பெயர் இருப்பதும், ஒருவரே பயன்படுத்தியிருப்பதும் வேறு வேறு. பெயர் மாற்றப் படிவங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்ற இடங்களை நிரப்பாமல் வண்டியைக் கைமாற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. இதன் விளைவை உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் தெளிவுபடுத்தியது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். விற்பவருக்குத்தான் இது பெரிய கேடு. வாங்குபவருக்கு இதில் ஒரு துப்பு இருக்கிறது: பதிவேட்டில் உள்ள உரிமையாளரை நேரில் காட்ட மறுக்கும் விற்பனையில் வண்டியின் வரலாற்றில் ஓர் இயல் மறைக்கப்பட்டுள்ளது.

கல்ஃப்காரர் வண்டி என்பது நம் ஊருக்கே உரிய கவர்ச்சி. "ஏழு வருஷத்தில் பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓடாத வண்டி புதிய வண்டியாகிவிடாது. ரப்பர் உறைகளும் குழாய்களும் காய்ந்து வெடிக்கும், டயர் ஒரே பக்கம் அழுந்திக் கிடந்து வடிவம் மாறும், பேட்டரி சாகும், எலி வயரைக் கடிக்கும். கடற்காற்று படும் பகுதியில் நின்றிருந்தால் அடிப்பகுதியின் துருவைச் சொல்லவே வேண்டாம். ஆண்டுக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று ஒரே சீராக ஓடிய வண்டியையே நான் விரும்புவேன். தமிழ் மெக்கானிக் "இந்த வண்டி வேலை வைக்கும்" என்பார். மலையாளத்தில் "பணி தரும்". வேலையும் பணியும் இரு மொழியிலும் ஒரே திசையில் பொருள் மாறியிருப்பதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன், என் வண்டியே எனக்குப் பணி தரும்வரை.

அது இப்படி நடந்தது. நான் பார்த்த நான்காவது வண்டி 2019ஆம் ஆண்டினது, பளபளவென்றிருந்தது. விலை மற்றவற்றைவிட எழுபதாயிரம் குறைவு. மறுநாள் வேறொருவர் வருவதாக வியாபாரி சொன்னார். அவசரத்தில் இருபதாயிரம் முன்பணம் கொடுத்தேன். இரு நாள் கழித்து என் ஊர் மெக்கானிக் அண்ணனை வரவழைத்துக் காட்டினேன். அவர் எஞ்சினைத் திறக்கவேயில்லை. ஓட்டுநர் இருக்கையின் சீட்பெல்ட்டைப் பிடித்து, முழு நீளமும் வெளிவரும்வரை இழுத்தார். கடைசி ஒரு முழம் மண்ணிறத்தில் இருந்தது. பிறகு இருக்கையின் அடியிலுள்ள தண்டவாளத்தைக் காட்டினார், துரு. முன்விளக்கின் உட்புறம் மங்கிய நீர்க்கோடு. "தண்ணியில நின்ன வண்டி தம்பி" என்றார். 2023 அக்டோபர் நடுவில் பெய்த மழையில் தெற்றியாறு கரைபுரண்டு கழக்கூட்டமும் டெக்னோபார்க் சுற்றுப்புறமும் மூழ்கியது இவ்வூரார்க்கு நினைவிருக்கும். 2018 ஆகஸ்டு வெள்ளமும், 2015இல் சென்னை வெள்ளமும் அவ்வாறே. மூழ்கிய வண்டிகள் எல்லாம் எங்கே போயின என்று நாம் கேட்பதில்லை. கழுவி, மெருகேற்றி, வேறொரு ஊரில் விற்கிறார்கள். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏறிய ஈரம் ஓராண்டு கழித்துத்தான் தன்னைக் காட்டும். வியாபாரி பத்தாயிரத்தைத் திருப்பித் தந்தார். மீதி, என் படிப்புச் செலவு.

ஜார்ஜ் அக்கர்லாஃபின் கட்டுரையை அன்றிரவு மீண்டும் படித்தேன். மூன்று இதழ்கள் திருப்பியனுப்பிய பிறகு 1970இல் வெளியாகி, 2001இல் அவருக்கு நோபல் பெற்றுத் தந்த கட்டுரை அது. குறையுள்ள பழைய காரை அமெரிக்கர் எலுமிச்சை என்பர். விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே தர முன்வருவார். அவ்விலைக்கு விற்க நல்ல வண்டிக்காரர் மறுத்து விலகுவார். சந்தையில் எலுமிச்சைகள் மிஞ்சும். நாமோ எலுமிச்சையை வண்டிச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குகிறவர்கள். ஆனால் 1970இல் இல்லாத ஒன்று இன்று நம்மிடம் உண்டு. அறியாமை பெருமளவு தவிர்க்கத்தக்கதாகிவிட்டது. நாம் அதைத் தவிர்க்க மெனக்கெடுவதில்லை. மாடல் பெயரைக் கேட்டதும் அமைதியடைந்துவிடுகிறோம். பதிப்பாசிரியர்கள் புறச்சான்று, அகச்சான்று என்று பிரிப்பார்களே, அதே முறை இங்கும் செல்லும்.

புறச்சான்றுகள் தாளிலும் தளத்திலும் உள்ளவை. பரிவாஹன் தளத்தில் பதிவெண்ணை இட்டால் எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவை உண்டா, காப்பீடு எதுவரை என்பன தெரியும். கடன் அடைந்திருந்தாலும் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீங்கியிருக்க வேண்டும். படிவம் 35 அதற்கானது. கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலைக் கேமராக்கள் அபராதம் விதிக்கின்றன. பழைய உரிமையாளரின் அபராதங்கள் நிலுவையிலிருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். எல்லாவற்றிலும் மேலானது நிறுவன சர்வீஸ் மையத்தின் பதிவு. உரிமையாளர் உடனிருந்தால் ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் அன்றைய ஓடோமீட்டர் எண்ணும் கிடைக்கும். நான் பார்த்த ஒரு வண்டி 2021இல் 71,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்று 58,000 காட்டியது. காலம் பின்னோக்கிச் செல்லும் எனக்குத் தெரிந்த ஒரே பொருள்.

அகச்சான்றுகள் வண்டியின் உடலில் உள்ளவை. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் உற்பத்திக் குறி உண்டு. ஐந்து கண்ணாடிகள் ஓராண்டையும் ஒன்று மட்டும் வேறாண்டையும் காட்டினால், அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். கதவோரத்து ரப்பர் பீடிங்கை உரித்துப் பார்த்தால் தொழிற்சாலை வெல்டிங்கின் வட்டப் பொட்டுகள் சீரான இடைவெளியில் தெரியும். இடிபட்டுச் சரிசெய்த இடத்தில் அச்சீர்மை இராது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்ல வேண்டும். நீங்கள் போகுமுன்பே பானட் சூடாக இருந்தால் யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள்; எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்ச் நலமாக இருக்கிறது, நிற்காமல் உறுமினால் அதன் ஆயுள் முடிந்தது. இவற்றை நீங்களே செய்வதோடு, ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து ஒரு மெக்கானிக்கையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் விற்பவருக்கு அறிமுகமானவராக இருக்கக்கூடாது.

மாடல்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் போனால் சிலர் கோபிப்பர். என் வரம்புக்குள் வந்தவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எக்கோஸ்போர்ட் மறைமலைநகரில் பிறந்தது; ஓட்டுவதற்கு இன்பமானது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால், உதிரிபாகம் கிடைக்குமா என்பதை உங்கள் ஊரில் விசாரித்த பின் முடிவெடுங்கள். அதன் பழைய இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கைத் தொடாதீர்கள். அவ்வகைக் கியர்பெட்டி பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலர் தண்டம் விதித்தது. டஸ்டர் டீசல் மலைச்சாலைக்கு மிகப் பொருத்தம், சஸ்பென்ஷன் அருமை. ஆனால் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். அது அறுந்தால் எஞ்சினையே இழக்க நேரும். நெக்ஸானும் எக்ஸ்.யு.வி. 300உம் பாதுகாப்பில் முன்னிற்பவை. நல்ல படி என் பணத்துக்கு அகப்படவில்லை. பிரெஸ்ஸா டீசலின் எஞ்சின் ஃபியட்டிடமிருந்து வந்தது. பல நிறுவனங்களின் கார்களில் ஓடியதால் அதை அறியாத மெக்கானிக் இல்லை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலைக் கைவிட்டது. நகருக்குள் மட்டும் ஓட்டுவோர் டீசலை நாட வேண்டாம், குறிப்பாக 2020க்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசலை. அதன் புகைவடிகட்டி நெடுந்தொலைவு ஓட்டத்தை எதிர்பார்ப்பது. பெட்ரோலானால் 2023 ஏப்ரலுக்கு முற்பட்டவை 20 விழுக்காடு எத்தனாலுக்கென உருவாக்கப்படாதவை என்பதை நினைவிற்கொண்டு, எரிபொருள் குழாய்களைப் பார்த்து வாங்குங்கள்.

விலை பேசுகையில் "நான் பத்து இலட்சத்துக்கு வாங்கியது" என்னும் வாதத்தை ஏற்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைந்துள்ளது. ஒப்பிட வேண்டியது இன்றைய புதிய வண்டியின் விலையோடு. அவர் அன்று கொடுத்ததோடு அன்று. பதிவுபெற்ற வியாபாரி தன் இலாபத்தின் மீது 18 விழுக்காடு வரி கட்டுகிறார்; தனியாரிடம் நேரடியாக வாங்கினால் அவ்வரி இல்லை. எல்லை கடந்து வாங்கும் நம் போன்றோர்க்கு இன்னொன்று. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கு மறுபதிவு செய்தாக வேண்டும். தடையில்லாச் சான்று, மீண்டும் சாலைவரி என்று செலவு நீளும். டெல்லியிலிருந்து மலிவாக வந்திறங்கும் டீசல் வண்டிகளுக்கும் இது பொருந்தும். வரி எவ்வளவு என்று ஆர்.டி. அலுவலகத்தில் கேட்ட பிறகே முன்பணத்தைப் பற்றி நினைக்க வேண்டும்.

நான் வாங்கியது நெடுமங்காட்டில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரிடமிருந்து. 2018ஆம் ஆண்டு பிரெஸ்ஸா டீசல், 84,000 கிலோமீட்டர். விளம்பரத்தில் எந்த அடைமொழியும் இல்லை. "டீச்சர், வண்டியைப் பார்க்கலாமா?" என்று கேட்டதும், வண்டியைக் காட்டுமுன் குறைகளைச் சொன்னார். 2021இல் பின்பக்க இடக்கதவு வீட்டு கேட்டில் இடித்துப் பெயின்ட் அடித்தது. மேடேறுகையில் பின்புறம் ஒரு சத்தம். டயர்கள் மாற்ற வேண்டிய நிலை. பிறகு "எல்லாம் எழுதி வெச்சிட்டுண்டு" என்று நீலநிற அட்டையிட்ட குறிப்பேடு ஒன்றை நீட்டினார். ஏழாண்டாக நிரப்பிய ஒவ்வொரு டீசலும், ஒவ்வொரு ஆயில் மாற்றமும், தேதியோடும் ஓடோமீட்டர் எண்ணோடும் நீலமையில். சர்வீஸ் மையத்தின் பதிவோடு ஒப்பிட்டேன். ஒரு பாடவேறுபாடும் இல்லை. மெக்கானிக் அண்ணன் இரண்டு மணிநேரம் பார்த்துவிட்டு, டீச்சர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றார்.

விலை 5,80,000. பேரம் பேசினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஐயாயிரம் குறைத்தார். கையிருப்பு முழுவதையும் விலையிலேயே கொட்டிவிடாதீர்கள் என்பதற்கும் இதுவே சான்று: டயர்களுக்கு 29,000, பின் சஸ்பென்ஷன் புஷ், ஆயில், ஃபில்டர் வகைக்கு 16,000, காப்பீட்டுக்கு 14,000 என முதல் வாரத்திலேயே 59,000 ஆயிற்று. டீச்சரின் காப்பீட்டுச் சலுகை அவருக்கு உரியது, வண்டியோடு வராது. படிவம் 29, 30 இரண்டையும் இருவரும் அமர்ந்து நிரப்பினோம். ஓரிடமும் வெறுமையாக விடவில்லை.

சனிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையார் கோயிலின் முன் வண்டியை நிறுத்தி, அப்பா நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சை வைத்தார். அக்கர்லாஃபைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. இருக்கையில் ஏறி அமர்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, "ஏறதுக்கு எளுப்பமா இருக்கு" என்றார். நீலக் குறிப்பேட்டின் அடுத்த வெற்றுவரியில் அன்றைய தேதியையும் 84,316 என்னும் எண்ணையும் எழுதினேன். வியாழன் மாலை கோட்டூரில் ஒலிப்பதிவு இருக்கிறது.